தூக்கத்தில் வந்த படபடப்பும் என் படப்பிடிப்பும்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய் என்றுதான் கடிதம். நல்ல செய்திதான், பயப்படாதே.

கொஞ்ச நாளாக அப்பா நல்ல தூக்கத்தில் திடுக்கென்று எழுந்து, மூச்சு வாங்க, வேர்த்துக் கொட்ட, நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கெட்ட கனவும் கிடையாது. வாயுத் தொல்லை என்று தீர்ப்பெழுதியது நான்தான், தலையணையைக்கூட மாற்றிப் பார்த்தேன். இதய டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பழுதில்லை என்றதும்தான் அப்பாவுக்குக் கிலி. நெஞ்சில் இல்லையென்றால் வலிப்போ என்னவோ, வலிப்பென்றால் பஸ் ஓட்ட விடமாட்டார்கள், ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் நான் யாருடி என்று கேட்டார். விடிந்ததும் அவரை வேறு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

தூக்கத்துக்கென்றே இருக்கிற டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், அடுத்த முறை படபடப்பு வரும்போது போனில் படம் எடுத்து வாருங்கள் என்றாள். எடுத்தேன். அவள் அறையில் போட்டுப் பார்த்தால் படம் முழுக்க நான், தலைவிரி கோலமாக, வாயைப் பிளந்துகொண்டு. கேமராவைத் திருப்ப மறந்திருக்கிறேன். நோயாளி யாருன்னு டாக்டருக்குக் குழப்பம் வந்துடப்போகுது என்றார் அப்பா. அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் மறுபடி கேட்டாள். அதில் அப்பா, ஜன்னலைத் திற, செத்துடுவேன் போலிருக்கு என்கிறார். எந்த ஜன்னல் என்று நான் கேட்க, உன் பின்னாடி இருக்கறதுதான் என்கிறார். இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறவருக்கு வலிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு, தூக்கத்திலேயே அலறுகிறவர்களுக்குக் காலையில் நினைவும் இருக்காது, இவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்றாள். அப்படியும் அவசரப்படவில்லை. தலை நிறைய ஒயர் ஒட்டி, அங்கேயே தூங்கவைத்து, மூச்சும் மூளையும் சரி என்று பார்த்த பிறகே, இது தூக்கத்தில் வரும் பேனிக் அட்டாக், அதாவது காரணமில்லாத திடீர் பயம், பேசியும் பயிற்சி கொடுத்தும் சரியாக்கலாம், பஸ்ஸும் ஓட்டலாம் என்றாள். எழுந்து கும்பிடத் தோன்றியது.

அவளைவிட அப்பாவைத்தான் மெச்ச வேண்டும். டிப்போவில் டீ குடிக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும், என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, எனக்கு இருக்கறது பயம்தான்பா என்று தானே சொல்லியிருக்கிறார். கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு டிரைவர்கள், சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று வீட்டுக்கு வந்தார்கள். கிளம்பும்போது ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல், அந்த டாக்டரம்மா என்னைக்கு உட்காருவாங்க அண்ணி என்று கேட்டார்.

நீங்கள் இருவரும் நிறைய நாள் நிம்மதியாகத் தூங்கி எழ என் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உன்னிடம் சொல்லப்போகிறார், கண்ணாடி முன்னால் ஒத்திகை நடக்கிறது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி முழுசாகக் கேள்.

உன் அம்மா