நீங்கள் கொடி தூக்கவில்லை

அண்ணே,

நேற்று பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல், இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு ஊன்றுகோலும் நானுமாக நடந்து வந்தேன். நீங்கள் வேலை பார்த்த மசாஜ் கடை வரிசையைத் தாண்டும்போது செராய் என்கிற எலுமிச்சைப் புல் எண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. என்னை அறியாமல் நின்று திரும்பிப் பார்த்துவிட்டேன். உங்கள் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து விரல்களுக்குச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார். என் நடைச் சத்தம் நின்றதைக் கேட்டுவிட்டு, "மசாஜா ஆன்டி, உள்ள வாங்க" என்றார். ஊன்றுகோலை ஊன்றி விறுவிறுவென்று வந்துவிட்டேன். பாவம், என்ன நினைத்தாரோ.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. படகுத்துறையில் வைத்து ஒரு முறை கேட்டேன்தான். ஆனால் பாதி மன்னிப்பு, பாதி சண்டை. அதெல்லாம் கணக்கில் சேராது. கண் தெரியாதவனுக்குக் கடுதாசி எழுதுறியே, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

சர்க்கரை நோயில் என் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. சுங்கை வே தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவள். நாற்பது பெண்கள் என் பார்வைக்கே நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படிப்பட்டவளை, தம்பி மனைவி தேத்தண்ணி கலக்கக்கூட அடுப்படிக்குள் விடவில்லை. அவள் தங்கமானவள், குறை சொல்ல மாட்டேன். நான் எழுந்தால் கூடவே எழுவாள். தட்டை நான் எடுக்கும் முன்னே அவள் எடுப்பாள். வீடு முழுக்கப் பாசம்தான். எனக்கு மூச்சு முட்டியது.

அங்கிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பாய்மரப் படகு கிளப்புக்கு வந்தேன். மருத்துவமனையில் கால் பயிற்சி கொடுத்த பெண்தான் துண்டுத்தாளில் வழி எழுதித் தந்தாள். பூச்சோங் பக்கம் ஈயம் தோண்டி விட்டுப்போன ஒரு பழைய ஈயலம்பக் குட்டை, தகரக் கொட்டகை ஒன்று, மரத்தில் ஒரு படகுத்துறை, அதை ஜெட்டி என்பார்கள். கை இல்லாதவர், கால் இல்லாதவர், கண் தெரியாதவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். நீச்சல்கூடத் தெரியாத எனக்கு அங்கே என்ன வேலை என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே தோன்றிவிட்டது.

தோன்றிய அதே நேரத்தில்தான் ஒரு புதுத் தொண்டூழியர் பின்னாலிருந்து வந்து என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து அலாக்காகத் தூக்கிப் படகில் வைத்தார். நான் போட்ட கத்தலில் குட்டையிலிருந்த கொக்கெல்லாம் பறந்தது. கேப்டன் ஓடி வந்தார். போர்ட் கிள்ளானில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற மலாய்க்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அந்தத் தொண்டூழியரைப் பார்த்து, இந்த இடத்துச் சட்டம் ஒன்றே ஒன்றுதான் என்றார். உதவி வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்போதுதான் படகுக்குள்ளிருந்து நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் ஏற்கனவே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"நல்ல குரலு. உன்ன மாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்தேன் லா."

அப்படித்தான் ஜோடி ஆனோம். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் சின்னப் படகு. அடியில் கனமான இரும்பு இருப்பதால் சாயும், கவிழாது. நடுவிலிருக்கும் குச்சியை அசைத்துத் திசை திருப்புவது உங்கள் வேலை. கயிற்றை இழுத்துப் பாயைச் சரி செய்வதும் எதிரே என்ன இருக்கிறது என்று சொல்வதும் என் வேலை. முதல் நாளே ஆகாயத்தாமரைப் புதருக்குள் கொண்டுபோய்ச் சொருகினோம். நான் "அதோ, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கை நீட்டி நீட்டிக் காட்டியிருக்கிறேன். நீங்கள் பொறுமையாக, கையக் காட்டுறியா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். நல்லா காட்டு, எனக்குத்தான் பிரயோசனம் இல்ல என்றீர்கள். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அதன் பிறகு கடிகார முள் கணக்கில் சொல்லப் பழகினேன். நேர் எதிரே பன்னிரண்டு, வலது கை மூன்று, இடது கை ஒன்பது. பத்தில் மரக்கட்டை, இரண்டில் இன்னொரு படகு. தொழிற்சாலையில் இருந்த என் அதட்டல் குரல் திரும்பி வந்தது. நீங்கள் என்னைச் சூப்பர்வைசரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நாளில் கொட்டகையில் எல்லோருக்கும் அதுவே என் பெயராகிவிட்டது.

ஒரு வருஷம். மழை பெய்த நாள், புகைமூட்டம் வந்த நாள், தீபாவளி போக மற்ற எல்லாச் சனிக்கிழமையும். காலை ஏழரைக்கு உங்களைக் கடை வாசலில் ஏற்றிக்கொள்வேன். உங்கள் கையில் எனக்கும் சேர்த்து நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலம் இருக்கும். அதில் சம்பால் காரம் அதிகமா, கம்மியா என்று நாம் சண்டை போடாமல் கூட்டரசு நெடுஞ்சாலையைத் தாண்டியதில்லை. காற்று திரும்பப் போவதை என்னை விட முன்னே உங்கள் காது சொல்லிவிடும். அதற்காகவே எந்த வெயிலிலும் தொப்பி போட மாட்டீர்கள். குட்டை முழுவதும் உங்களுக்கு மனப்பாடம். இடது பக்கம் ஹைவே இரைச்சல், வலது பக்கம் பட்டறையில் இரும்பு வெட்டும் சத்தம், நேரே போனால் கோழிப்பண்ணை நாற்றம். நான் மூக்கைப் பொத்துவேன். நீங்கள் மட்டும் அந்த நாற்றத்தை ஆசையாக இழுத்து மூச்சு விடுவீர்கள்.

பத்தாம் மாதத்தில் ஒரு நாள், ஜாமில் கார் நின்றுகொண்டிருந்தபோது கேட்டீர்கள். விளையாட்டாகப் பேசும் குரலில் கேட்கவில்லை.

"காப்பார்ல பொறந்ததுல இருந்து எங்க போனாலும் ஒருத்தர் தோள்ல கை வச்சுத்தான் போயிருக்கேன். இல்லன்னா சுவரு, இல்லன்னா குச்சி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எதையும் புடிக்காம, யாரும் எதுவும் சொல்லாம போய்ட்டு வரணும்மா. குட்டை நடுவுல இருக்குற அந்த மஞ்சள் மிதவைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டா போதும்."

கிளப்பில் தனியாகப் போவது புதிதில்லை. அதற்கும் வழக்கம் உண்டு. போகிறவர் பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கொடி ஒன்று இருக்கும். அதைத் தூக்கினால் மோட்டார் படகு போகும். தூக்காவிட்டால் எவ்வளவு நேரமானாலும் போகாது. கரையில் நிற்கும் ஜோடி சொன்னால் மட்டும் கொடி இல்லாமலும் போகலாம். அதற்கு முன், ஆள் தனியாகப் போகலாம் என்று சம்மதம் சொல்ல வேண்டியதும் அந்த ஜோடிதான். ஆக, உங்கள் ஆசை என் வாயில் இருந்தது.

இரண்டு மாதம் இழுத்தடித்தேன். காற்று கூடுதல் என்றேன். காற்று போதாது என்றேன். ஊன்றுகோல் வழுக்குகிறது, மனசு சரியில்லை, ஏதேதோ. நீங்கள் ஒரு வாரமும் வற்புறுத்தவில்லை. கடைசியில் கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்குப் பயம், அவருக்கா உனக்கா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை சரி என்றேன்.

மஞ்சள் மிதவையில் ஒரு சின்ன ரேடியோவை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினோம், உங்களுக்குச் சத்தம் அடையாளமாக. தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கயிறு ஒரு கையில், குச்சி ஒரு கையில் என்று கிளம்பினீர்கள். ஜெட்டியை விட்டுப் படகு விலகியபோது உங்கள் முதுகு நேராக நிமிர்ந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. பெருமையில்தான்.

பாதி தூரத்தில் காற்று செத்துப் போனது. பாய் துணி மாதிரித் தொங்கியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அசையவே இல்லை நீங்கள். அந்த நேரம் பார்த்து ரேடியோவும் நின்றுபோனது. பேட்டரி. எனக்குள் ஏதோ அறுந்தது. நட்டநடு நீரில், காற்றும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், இருட்டில் ஒரு மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இருட்டு என் தலைக்குள் இருந்தது, உங்களிடம் இல்லை என்று அப்போது தெரியவில்லை.

படகை அனுப்புங்கள் என்றேன். கேப்டன் என்னைப் பார்த்தார். கொடி ஏறவில்லையே, நிச்சயமாகவா என்று மலாயில் கேட்டார். கொடி கீழே விழுந்திருக்கலாம், அவருக்குத் தேடத் தெரியாது, போங்கள் என்று கத்தினேன். கேட்காமல் தொட்டதற்கு ஒரு மனிதர் மேல் கொக்கு பறக்கக் கத்தியவள் நான். அதே நான்.

மோட்டார் சத்தம் கேட்டதுமே நீங்கள் தலையைக் குனிந்துவிட்டீர்கள். கரையிலிருந்தே பார்த்தேன். கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஜெட்டியில் ஏறி நின்று, முகத்தை என் பக்கம் திருப்பி, "பயந்துட்டியா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன்.

"நான் பயப்படல லா."

மன்னிச்சிடுங்க என்றேன், அதே மூச்சில் ரேடியோ நின்றுவிட்டதே, எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரியும் என்று சண்டைக்கு வந்தேன். நீங்கள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரேடியோ நின்னா என்னா, கோழி நாறுதே. வெயிலு பிடரியில இருந்துச்சு. காத்து வரும்னு சும்மா உக்காந்திருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சும்மா."

வீட்டுக்குப் போகும் வழியில் சமாதானம் சொன்னது நீங்கள்தான். வர்ற சனிக்கிழமை நீ ஜெட்டிக்கே வராத, காருல ஏசி போட்டுக்கிட்டு உக்காரு என்றீர்கள். சிரித்தோம். நாசி லெமாக் நீ வாங்கு, அதுதான் தண்டனை என்றீர்கள்.

புதன்கிழமை காலை உங்கள் அக்கா போன் செய்தார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். காப்பார் வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை தனியா போட் ஓட்டப் போறேன்னு எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னான்மா என்று அழுதார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்தான் கெடுத்தேன் என்று அவரிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கேட்டதை நான் பாதியில் பிடுங்கிவிட்டேன், அண்ணே. பாசத்தில்தான் பிடுங்கினேன். என் தம்பி மனைவி தட்டைப் பிடுங்குகிற அதே பாசம். என்னை மன்னித்துவிடுங்கள்.

கிளப்பை விட்டுவிடத்தான் நினைத்தேன். கேப்டன் விடவில்லை. இப்போது என் ஜோடி கிள்ளானிலிருந்து வரும் ஒரு டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன் பார்வை போனது, இதுவும் சர்க்கரைதான். வாய் உங்களைவிட நீளம். மூன்றாம் மாதமே தனியாகப் போக வேண்டும் என்றார். இழுத்தடிக்காமல் சரி என்றேன்.

போன சனிக்கிழமை போனார். மிதவையைத் தாண்டியதும் காற்று நின்றது. நம்ப மாட்டீர்கள், அதே மாதிரி. கேப்டன் மோட்டார் படகில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கொடி ஏறவில்லை. நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஜெட்டிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் வாய் திறந்திருக்கும். பத்து நிமிடம். இருபது. டீச்சர் அங்கே காலை நீட்டிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்தாவது நிமிடம் பாயில் ஒரு சுருக்கம் விழுந்தது. பிறகு இன்னொன்று.

ஜெட்டியில் மோதி நின்றார். யாரும் கை கொடுக்கவில்லை, அவர் கேட்கவில்லை. தானே தட்டுத்தடுமாறி ஏறி நின்று, நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று காதைத் திருப்பினார். முதலில் கேட்டது இதுதான்:

"படகு அனுப்பலதானே?"

"அனுப்பல டீச்சர்" என்றேன்.

உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில், அண்ணே.