மேல் ஆணி

மார்ச் 4, புதன்

சம்பந்தி வந்து இறங்கிவிட்டாள். மூன்று பெட்டி, ஒரு தலையணை, செத்துப்போன புருஷனின் பித்தளைப் பெயர்ப்பலகை. இடுப்பு வலி குறையும்வரை மகள் வீட்டில் இருப்பாளாம். அந்த இடுப்பு வலிக்காரி வந்த அரை மணியில் நாற்காலி மேல் ஏறி வாசலில் ஆணி அடித்தாள். அதுவும் எங்கே? என் மகன் பெயருக்கு மேலே. மேலே அவள் புருஷன் 'ரியர் அட்மிரல்', கீழே என் பிள்ளை 'கேப்டன்'.

"என் பிள்ளைக்குக் கடற்படை குடுத்த குவார்ட்டர்ஸ் ஆச்சே இது, சம்பந்தி" என்றேன்.

"பெரிய பதவி மேலதானே இருக்கணும்? உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது, பாவம்."

அந்தப் 'பாவம்' எனக்குப் பிடிக்கவில்லை. அஞ்சாவதோடு நின்றவள்தான் நான். ஆனால் யூனிபார்ம் தைக்கிற கடையில் இருபத்திரண்டு வருஷம் காஜா எடுத்து, கையில் தங்கக் கோடு தைத்து, ஒருத்தனைக் கேப்டன் ஆக்கியிருக்கிறேன். அவள் என்ன செய்தாள்? கழுத்தை நீட்டினாள்.

மார்ச் 9

என் டீ தண்ணியாக இருக்கிறதாம். முழுக்கக் குடித்துவிட்டுச் சொல்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

அடுத்த மாதம் போர்டு கூடுகிறது. கேப்டன்களில் யாரை அட்மிரல் ஆக்கலாம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து ஃபைல் பார்ப்பார்கள். ஒருத்தரை மூன்று தடவைதான் பார்ப்பார்கள். என் பிள்ளையை இரண்டு தடவை பார்த்து ஒதுக்கியாயிற்று. இது மூன்றாவது. கிடைத்தால் ஐம்பத்தாறு வயதுவரை வேலை. கிடைக்காவிட்டால் ஐம்பத்து நாலோடு சரி. ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

முதல் தடவை பார்த்தபோதே அட்மிரல் சட்டைக் கைக்குத் தைக்கிற அகலத் தங்கப் பட்டையை வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவனுக்குத் தெரியாது. அதை என் கையால் தைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள். "ரெண்டு தடவை விட்டவங்களை மூணாவது தடவை எடுக்கறது அபூர்வம், மாப்பிள்ளை. எங்க வீட்டுக்காரர் காலத்துல கேப்டனுங்க எல்லாம் ஃபைலோட எங்க வாசல்ல நிப்பாங்க."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். மருமகள் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள். இவளுக்கு நாக்கா, தேள் கொடுக்கா?

மார்ச் 21, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

அவள் குளிக்கப் போனபோது அவளுடைய ஆல்பத்தைப் புரட்டினேன். திருட்டுத்தனம்தான், இருக்கட்டும். பக்கத்துக்குப் பக்கம் அந்த மனுஷன் யூனிபார்மில் நிற்கிறார். எல்லாப் படத்திலும் கையில் நாலு கோடு. நாலு கோடு என்றால் கேப்டன். அட்மிரலுக்கு ஒரு அகலப் பட்டை, அதற்கு மேலே ஒரே ஒரு கோடு. எத்தனை சட்டைக்குத் தைத்திருப்பேன், எனக்கா தெரியாது? அகலப் பட்டையோடு ஒரு படம்கூட இல்லை. அட்மிரல் ஆன மனுஷன் ஒரு போட்டோகூடவா எடுத்துக்கொள்ள மாட்டார்?

மார்ச் 23, திங்கள்

கீழ்வீட்டில் தன் மகனோடு இருக்கிற ரைட்டரைக் கேட்டேன். கடற்படையில் குமாஸ்தாவுக்கு ரைட்டர் என்று பேர். இவர் ஆயுசு பூராவும் பதவி உயர்வு ஃபைல்களோடு கிடந்து ரிட்டயர் ஆனவர். முதலில் மழுப்பினார். நான் எழுந்திருக்கவில்லை.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா. அவர் கடைசி நாள் வரைக்கும் கேப்டன். வீட்டுக்கு அனுப்பறப்போ பட்டம் குடுத்தாங்க. கப்பல் கிடையாது, கொடி கிடையாது. பேருக்கு முன்னாடி போட்டுக்கலாம், அவ்ளோதான்."

"இப்படிக்கூட உண்டா?"

"இது நேத்து வந்த வழக்கமாம்மா? இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவர் சொன்னதை மறக்குமுன் எழுதி வைக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு பெரிய தேசத்துக் கடற்படையில் கேப்டன் ஆகிவிட்டால் போதுமாம். அதற்கப்புறம் திறமை கிறமை எதுவும் பார்க்க மாட்டார்கள். பட்டியலில் பேர் ஏறின தேதிதான் கணக்கு. மேலே ஒருத்தர் செத்தால் கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். சாகாமல் இருந்தாலே ஒருநாள் அட்மிரல்! ரிட்டயர்மென்ட் என்று ஒன்று கிடையாது. பல் போன கிழங்களெல்லாம் பட்டியலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கெட்டிக்கார இளவட்டம் ஒருத்தனை மேலே கொண்டுவர வேண்டுமானால் இவர்களைத் தாண்ட வழியில்லை. அதனால் இவர்களுக்கு அட்மிரல் பட்டத்தைக் கொடுத்து, கப்பல் கொடுக்காமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று அப்போது மூன்று அணி உண்டு. எந்த அணியிலும் சேராத இவர்களை 'மஞ்சள் அட்மிரல்' என்று ஊரே கிண்டல் செய்ததாம். வயது வரம்பு, போர்டு எல்லாம் பின்னால் வந்தவை.

"எல்லாம் மாறிடுச்சும்மா, ஒண்ணு மட்டும் மாறல. ஒரே பதவியில ரெண்டு பேர் இருந்தா, யாருக்குத் தேதி முந்தியோ அவர்தான் மேல. ஒரு நாள் முந்தினாலும் சரி, செத்துப்போயிருந்தாலும் சரி."

எனக்கு அதெல்லாம் எதற்கு? எனக்கு மஞ்சள் போதும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அவள்தான் வாயைக் கொடுத்தாள். "வாசல்ல எங்க பலகை மங்கிக் கிடக்கு, யாராவது துடைக்கக் கூடாதா?" என்றாள்.

"கிடக்கட்டும் சம்பந்தி. மஞ்சள் அட்மிரல்தானே? கதவைச் சாத்தும்போது கையில திணிச்ச பட்டத்துக்கு இவ்வளவு மினுமினுப்பு எதுக்கு?"

அவள் முகம் செத்துப்போயிற்று. மருமகள், "அத்தை, அவர் என் அப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். என் பிள்ளை கத்தினான். ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"போதும்மா! நாளைக்கு எனக்கும் அதையே குடுத்தா என்ன சொல்லுவீங்க?"

"உனக்கு எதுக்குடா அந்த எச்சில்? உனக்கு நிஜமானது வரும்."

அப்படித்தான் சொன்னேன். எல்லார் காதிலும் விழுந்தது.

ஏப்ரல் 6

மருமகள் பேசவில்லை. எனக்கென்ன, மனசு குளிர்ந்துதான் இருக்கிறது. முழுக்கவா? — இல்லை.

ஏப்ரல் 28

வரவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

அவனுக்கு நாலு வருஷம் ஜூனியர் ஒருத்தன் பேர் வந்திருக்கு. நாலு வருஷம்! முப்பத்திரண்டு வருஷம் கடல்ல கிடந்தானே, இவன் கிட்ட என்னடா குறை கண்டீங்க? யாரைப் போய்க் கேக்கறது? கேட்டாலும் இந்த அஞ்சாங்கிளாஸுக்கு எவன் பதில் சொல்லுவான்?

கடிதம் ஒன்று வந்தது. மருமகள் வாசித்துச் சொன்னாள். நல்ல சேவைக்காக, ஓய்வு பெறும்போது ரியர் அட்மிரல் பட்டம்.

சம்பந்தி எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். காத்திருந்தேன். என் வார்த்தையையே எடுத்து என் முகத்தில் எறிய வேண்டியதுதானே?

"டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

திட்டியிருக்கலாம், சண்டாளி.

ஜூன் 30, செவ்வாய்

நாலு கோட்டுச் சட்டையோடு வந்தான். பட்டம் நாளையிலிருந்து. டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டையைக் காட்டினேன். "ஒரு ராத்திரிக்குத் தைச்சுத் தரேன்டா, ஒரே ஒரு போட்டோ."

அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "இன்னைக்கு நான் கேப்டன், இதைப் போடக்கூடாது. நாளைக்கு யூனிபார்மே கிடையாதும்மா."

"அவரும் இதையேதான் சொன்னார்" என்றாள் சம்பந்தி, நாற்காலியிலிருந்து. "ஸ்டுடியோவுக்குக் கெஞ்சிக் கூப்பிட்டேன். வரலை. அதான் ஆல்பத்துல இல்லை. நீங்க பார்த்தீங்களே."

நான் அவன் கையிலிருந்து பட்டையை வாங்கிச் சுருட்டினேன்.

"திருடினா ஒழுங்காத் திருடணும். ஒரு படத்தைத் தலைகீழாச் சொருகி வெச்சிருந்தீங்க."

ஜூலை 12, ஞாயிறு

வாடகை வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் நின்று நின்று வருகிறது. பலகையில் வெறும் பேர் போதும் என்றான் பிள்ளை. நான் கடைக்குப் போய் 'ரியர் அட்மிரல் (ஓய்வு)' என்றே எழுதச் சொன்னேன். பித்தளையில்.

வாசலில் சம்பந்தி பழைய செய்தித்தாளில் சுற்றின பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கீழ மாட்டினாலும் சரி, மாட்டாட்டியும் சரி. உங்க பிள்ளை வீடு" என்றாள். ஆழம் பார்க்கிறாளாம்.

நாற்காலியில் ஏறினேன். இரண்டு ஆணி அடித்தேன். மேல் ஆணியில் அவள் புருஷன், கீழ் ஆணியில் என் பிள்ளை. அந்த மனுஷனுக்குத் தேதி பதினெட்டு வருஷம் முந்தி. இது ரைட்டர் சொன்ன விதி. இதில் எனக்கோ அவளுக்கோ ஒரு வேலையும் இல்லை.

அவள் நிமிர்ந்து இரண்டு பலகையையும் பார்த்தாள்.

"கீழது கோணலா இருக்கு, சம்பந்தி."

"வாயாடாம நாற்காலியைப் பிடிங்க, நேராக்கறேன்."

பிடித்தாள். இரண்டு கையாலும். இடுப்பு வலிக்காரி.