பொன் கன்றுக்குட்டிக்கு முத்தம் கேட்பது குறித்து

அனுப்புநர்:
மில்காள்,
அசரேயேலின் மனைவி,
ரிம்மோன்.

பெறுநர்:
எல்லைக் காவல் தலைவர் அவர்கள்,
பெத்தேல்.

பொருள்: என் கணவரை அரசர் பண்டிகைக்கு முன் விடுதலை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்குச் சமாதானம் உண்டாகட்டும்.

1. எங்கள் மகன் காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் எருசலேம் ஆலயத்தில் ஆட்டுக்கடா செலுத்துவதாக என் கணவர் பொருத்தனை செய்தார். மகன் பிழைத்தான். சென்ற மாதம் கூடாரப் பண்டிகைக்குக் கடாவோடு புறப்பட்டவரைத் தங்கள் காவலர்கள் எல்லையில் பிடித்தார்கள். "எருசலேமுக்கு எதுக்குய்யா கால் நோக நடக்குற? அரசர் உனக்காகத்தானே பக்கத்துலயே சாமி வச்சிருக்காரு!" என்று சிரித்தார்களாம். கடாவை அன்றே சமைத்தும் விட்டார்கள்.

2. கால் நோகிறது என்று நாங்கள் யாரிடமும் முறையிடவில்லை. விடியலில் கிளம்பினால் இருட்டுவதற்குள் எருசலேம். அங்கே ஆள்வது வேறொரு அரசர். போகிற ஜனங்களின் மனம் அவர் பக்கம் போய்விடுமோ என்ற பயம்தான் இத்தனைக்கும் காரணம் என்று கிணற்றடியில் எல்லோருக்கும் தெரியும். அதை நேராகவே சொல்லியிருக்கலாம். நம் முன்னோரை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டது, பெத்தேலில் அரசர் செய்து வைத்த இந்தப் பொன் கன்றுக்குட்டிதான் என்று ஏன் சொல்ல வேண்டும்?

3. பெத்தேல் பலிபீடத்தையும் பார்த்துவிட்டோம். நேற்று வரை கழுதை ஓட்டிய சீபா இன்று ஆசாரியர். பீடத்தில் கடவுளுக்கென்றே எரிக்க வேண்டிய கொழுப்பைச் சுட்டுத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே எங்களை ஆசீர்வதித்தார். எங்களில் பசித்த குழந்தைகூட அதைத் தொடாது.

4. கன்றுக்குட்டிக்காக அரசர் புதிதாக ஏற்படுத்திய பண்டிகை வருகிறதே, அதில் ஜனங்கள் முன் என் கணவர் கன்றுக்குட்டியை முத்தமிட்டால் விடுதலை, மறுத்தால் கல்லெறிந்து கொலை என்று தீர்ப்பாகியிருக்கிறது. அவருக்குப் புத்தி சொல்லும்படி காவலர்கள் என்னைச் சிறைக்குள் அனுப்பினார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இனிமே இங்க வராத மில்கா. உன் மொகத்தப் பாத்தா அதுக்கு முத்தம் குடுத்துருவேன்" என்றார். அன்றிலிருந்து நான் போகவில்லை. மகனையும் அனுப்பவில்லை.

ஐயா, பண்டிகைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. அதற்குள் அவரை விட்டுவிடும்படி மன்றாடுகிறேன். ஊரார் கல்லெடுக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குத் திராணி இல்லை. நான் வந்து கூட்டத்தின் முன்னால் நிற்பேன். என்னைக் கண்டதும் அவர் முத்தமிடுவார். தாங்கள் ஜெயித்துவிடுவீர்கள். அவர் உயிரோடு வீடு திரும்புவார். ஆனால் அதன்பின் ஒருநாளும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

தங்கள் இரக்கத்துக்குக் காத்திருக்கும்,
மில்காள்

இடம்: ரிம்மோன்
நாள்: எட்டாம் மாதம், பன்னிரண்டாம் தேதி