ஆளில்லாத படகுக்குக் காட்டிய கற்பூரம்

கூனிமேடு குப்பம்

அன்பு மகன் வெற்றிச்செல்வனுக்கு அம்மா எழுதுவது, நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முணுமுணுக்கும். அந்த நார்வே குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க அம்மன் துணை. உன் கம்பெனி ஜான்சன் தம்பியிடம் இந்தக் கடிதத்தோடு நெத்திலிக் கருவாடும் கொடுத்திருக்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்து வறு, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் போலீசைக் கூப்பிடுவான்.

போனில் சொல்ல வந்தால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் கம்பெனி கடலில் விட்டிருந்த உன் ஆளில்லாப் படகு சுக்கான் பழுதாகி நம் பக்கம் அடித்துவந்து தட்சணாமூர்த்தி மாமா வலையில் சிக்கியதே, அன்று நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. மாமா நினைத்திருந்தால் படகில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை வெட்டி வலையைக் காப்பாற்றியிருக்கலாம். தன் வலையை அறுத்துக்கொண்டு படகைக் கட்டி இழுத்து வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, யாரோ பெத்த புள்ள கஷ்டப்பட்டு செஞ்சிருக்கும்னு தோணுச்சு என்றார். யார் பெற்ற பிள்ளை என்று அப்போது அவருக்குத் தெரியாது.

கரையில் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரே கூட்டம். வேவு பார்க்கிற மெஷின் என்றான் ஒருத்தன், உள்ளே பெரிய பேட்டரி இருக்கும், உடைத்துப் பார்க்கலாம் என்று பக்தவச்சலம் கோடாலியோடு வந்துவிட்டான். நீ அனுப்பிய போட்டோவில் இருந்த அதே மஞ்சள் படகு, உச்சியில் ஒரு கண்ணாடிக் கண், கீழே ஒரு கண். அது தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. என் மகன் படகு என்று கத்தினேன், சிரித்தார்கள். அப்போதுதான் அம்மன் புத்தி கொடுத்தாள். பூசை போட்ட படகின் மேல் நம் குப்பத்தில் எவனும் இரும்பு வைக்க மாட்டான் அல்லவா, வீட்டுக்கு ஓடி மஞ்சளும் குங்குமமும் கற்பூரமும் எடுத்து வந்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, எட்டிய கீழ்க்கண்ணில் பெரிதாகப் பொட்டு வைத்து, கற்பூரத்தைத் தூக்கிச் சுற்றிக் காட்டினேன். பக்தவச்சலமே கோடாலியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் வந்த ஜான்சன் தம்பி அந்தப் பொட்டைப் பஞ்சு வைத்துத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார், பாவம், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மேல்கண் வானத்து வெளிச்சத்தை அளக்கும், கீழ்க்கண் கடலிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சத்தை அளக்கும், இரண்டையும் ஒத்துப் பார்த்தால் தண்ணீரில் எவ்வளவு பாசி, எவ்வளவு சேறு என்று தெரியும் என்றார். கடல் என்ன நிறம்னு பாக்க ஒரு மெஷினா என்று கேட்ட உன் அப்பா, நம் கண்ணுக்குப் பிடிபடாத நிறமெல்லாம் அதில் தெரியும் என்றதும் அந்தக் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார். இப்போது டீக்கடையில் அவர்தான் எல்லோருக்கும் பாடம் எடுக்கிறார்.

அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார். படகு தரையில் கிடப்பது உங்கள் கம்ப்யூட்டரில் தெரிந்து, உடைத்திருப்பார்கள் என்று எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தீர்களாம். நீ எனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தாயாம், அது அடுப்படியில் கிடந்தது. இருட்டிக்கொண்டு வருகையில் மேல்கண் அனுப்புகிற கணக்கில் சின்னதாய் ஒரு வெளிச்சம் வந்து வந்து போனதாம், மெஷின் கெட்டுவிட்டது என்றார்களாம் மற்றவர்கள். நீ மட்டும், இல்ல, யாரோ கற்பூரம் காட்டுறாங்க, எங்கம்மாவாதான் இருக்கும், படகு பத்திரம் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாயாம்.

நீ போனதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் உன் போட்டோவுக்குக் கற்பூரம் காட்டுகிறேன், அது உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று அப்பா கேலி செய்வார். இந்த ஒரு தடவை தெரிந்துவிட்டது ராஜா, எனக்கு அது போதும்.

தட்சணாமூர்த்தி மாமாவுக்கு மறக்காமல் நீயே போன் பண்ணி நன்றி சொல், நான் சொன்னது போதாது. நோய் நொடி இல்லாமல், உன் படகுகள் எல்லாம் கரை சேர்ந்து, நீயும் ஒருநாள் இந்தக் கரைக்கு வர வேண்டும். வரும்போது மேல்கண்ணுக்கும் ஒரு பொட்டு பாக்கி இருக்கிறது.

உன் அம்மா
வேலம்மாள்