முப்பத்திரண்டு பைட்டும் ரஹ்மத்தும்மாவும்

வியாழன், இரவு.

எங்கள் கந்தோர் மேலாளரின் முகத்தை நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கண்டக்குழி நவாஸ் நானாவின் படகில் நாங்கள் பூட்டிய பெட்டி, படகு கடலில் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்வது. போன கிழமை அதில் படகின் பெயரை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றித் தரச் சொன்னார். ரஹ்மத்தும்மா. அவருடைய உம்மாவின் பெயர். மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பெட்டி எழும்பவே இல்லை.

இன்று காலையில்தான் காரணம் பிடிபட்டது. பெட்டியை எழுப்பும் புரோகிராமில் பெயருக்கு முப்பத்திரண்டு பைட் இடம்தான் இருக்கிறது. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், அதோடு வரும் புள்ளிக்கும் காலுக்கும்கூட, மூன்று பைட்டாகப் போவதால் அந்தப் பெயருக்கு முப்பத்தாறு வேண்டும். மேலாளர் எழுதிய புரோகிராம் நீளத்தைப் பார்க்காமலே பெயரை அதில் கொட்டுகிறது. மிச்சம் வழிந்துபோய், புரோகிராம் அடுத்து எங்கே போகவேண்டும் என்ற குறிப்பையே அழித்துவிடுகிறது. பெட்டி பாதியில் செத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மேலாளரிடம் காட்டினேன். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார்.

பிறகு நானா பெட்டியைக் கேட்டு, பாலாவியில் உள்ள எங்கள் கந்தோருக்கு வந்தார். மேலாளர் கொஞ்சமும் வெட்கமில்லாமல், "உப்புத்தண்ணி போயிருக்கு நானா" என்றார்.

"கடலுக்குப் போற பெட்டியில உப்புத்தண்ணி படாம, மக்காவுல இருந்து வாற சம்சம் தண்ணியா படும்?" என்று சீறிய நானா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தங்கச்சி. தண்ணியா?"

"ஓம், தண்ணிதான்" என்றேன்.

அவருடைய கோபம் அப்படியே அடங்கிவிட்டது. பெட்டியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நாளைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை நாள், கடலுக்குப் போகமாட்டார். பகல் முழுக்க அதை வெயிலில் காயவைத்துக்கொண்டிருப்பார்.