துடைத்த திருநீறு

செவ்வாய்க்கிழமை

மூன்று வருடமாக இந்தத் தீவிலிருக்கும் இல்லத்தில் சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். கேட்டால் அவர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். தங்கராசு அண்ணனின் மகனைப் போல யாரும் என்னைத் திருடனாகப் பார்த்ததில்லை. முதல் நாளே சொல்லிவிட்டான்: "சாமி கீமின்னு அப்பாகிட்டப் பேசாதீங்க சார், பயந்துடுவார். டிரீட்மென்ட்டுக்கு மெயின்லேண்டு போறோம், கப்பல் டிக்கெட்டுக்குத்தான் வெயிட்டிங்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இன்று அண்ணனே திருநீறு கேட்டார். பூசிவிட்டேன்.

"அவன் சொல்ற கப்பல் ரிப்பேருக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. ஹேடோ துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன்கிட்டயே கதை விடுறான். பாவம், விடுங்க. அவன் வர்றதுக்குள்ள தொடைச்சிடுங்க."

துடைத்தேன். நெற்றிச் சுருக்கங்களில் கொஞ்சம் வெள்ளை தங்கிவிட்டது. மகன் வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தான், பிறகு என்னை.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"டிக்கெட் பக்கா ஆயிடும்னு சார் சொல்றார்டா" என்றார் அண்ணன்.

"ஆயிடும்பா" என்றான் உடனே. அந்த அவசரம்தான் இன்னும் உறுத்துகிறது. அப்பாவுக்குத் தெரியும் என்பது இவனுக்கும் தெரியுமோ? அப்படியென்றால் நான் யாருக்காகத் துடைத்தேன்?

கிளம்பியபோது கேட்வரை கூடவே வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"அந்தத் திருநீறு கொஞ்சம் கொடுங்க சார்."

காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அவன் பூசிக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டான்.