பீடியை விட்ட சாமிக்கு

மாமா,

மாலை போட்டுக்கொண்டு ஆனேக்கல்லில் உன் அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஐயப்ப சாமிக்கு, மர்பி டவுனிலிருந்து உன் வீட்டுக்காரி கும்பிட்டு எழுதுவது. நீ போனை எடுக்காததால் என் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நான் மூன்றாவது வரைதான் படித்தவள்.

மாலை போட்டதிலிருந்து நீ பஜனையில் தூங்கி விழுந்தாய், எச்சில் ஒழுக்கினாய், படியில் சறுக்கினாய். "இந்த மாத்திரதாண்டி என்னக் கொல்லுது" என்று நிறுத்திவிட்டுப் போய்விட்டாய். நேற்று மாத்திரை அட்டையோடு நான் டாக்டரம்மாவிடம் போனேன்.

"புதுசா வேற மருந்து ஏதாவது சாப்பிடுறாரா?"

"இல்லம்மா, மாலை போட்டதும் பீடிய விட்டாரு, அவ்வளவுதான்."

"அத மொதல்லயே சொல்ல வேணாமா?" என்று அந்தம்மா தலையில் கை வைத்தார்.

பீடிப் புகை மாத்திரையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்ததாம். புகை நின்றதும் அதே மாத்திரை உடம்பில் அதிகமாகத் தங்கிவிட்டதாம். அளவைக் குறைக்க வேண்டுமே தவிர, நிறுத்தவே கூடாதாம். நீயாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், உன்னைப் பார்த்துத்தான் அளவு சொல்வாராம். மாலை கழற்றியதும் பீடியைத் தொட்டால் அதையும் சொல்லணுமாம். தொடு பார்க்கலாம்!

நிறுத்தி நாலு நாளாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த மாத்திரை இல்லாமல், காதில் யாரோ பேசுகிறார்கள் என்று நீ இருந்த இருப்பைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன், கிளம்பி இரு. உன் காதில் யார் வந்து என்ன சொன்னாலும், அவர்களைவிடச் சத்தமாகப் பேச எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
இருபத்திரண்டு வருஷமாக உன்னை விடாதவள்